மடை திறக்க அனுமதி கோருதல் – தொடர்பாக

வட்டாரத் தொன்மக் கதை மறுபடைப்பு வாரியம் என்று ஒன்று திண்டுக்கல்லில் இருப்பது இனிகோவுக்குத் தெரியாது. தெரியாமலே முப்பது வயதைத் தாண்டி நன்றாகத்தான் இருந்தான். மேட்டுப்பட்டியில் வாடகை வீடு, டவுனில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒப்பந்த ஓவிய ஆசிரியர் வேலை, எதற்கும் சிரித்துவிடுகிற மனைவி ஷைனி, யார் எதைச் சொன்னாலும் "சரிங்க சார்" என்று சொல்லிவிடுகிற ஒரு வாய். மனிதனுக்கு வேறென்ன வேண்டும்? அப்படிப்பட்டவனைத்தான் வாரியம் போன் போட்டுக் கூப்பிட்டது.

விஷயம் நல்ல விஷயம். மாவட்டத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு படக்கதைப் புத்தகம் இலவசமாகக் கொடுக்கப் போகிறார்கள். உள்ளூர்ப் பழங்கதை ஒன்றைத் தேர்ந்தெடுத்துப் புதிதாகச் சொல்ல வேண்டும். கதைகளைத் தேடிக் கொண்டுவருவதும் படம் வரைவதும் இனிகோவின் வேலை. தேர்ந்தெடுப்பது வாரியத்தின் வேலை. எல்லாம் திருப்தியாக முடிந்தால் வாரியத் தலைவர் ஒரு பரிந்துரைக் கடிதம் கொடுப்பார், அது இருந்தால் ஜூன் மாதம் வேலை நிரந்தரமாகிவிடும் என்று தலைமை ஆசிரியரும் சொன்னார். ஷைனி அன்றைக்கே பீரோ வாங்குவதைப்பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டாள்.

வாரியத் தலைவர் கண்ணுசாமி, பல அலுவலகங்களில் மேசை மாற்றி மேசை உட்கார்ந்து ஓய்வு பெற்றவர். பணிக்காலம் முழுவதும் ஒரு முடிவுகூட எடுக்காதவர் என்ற நற்பெயர் அவருக்கு உண்டு. அந்த நற்பெயரைப் பார்த்துத்தான் இந்தப் பதவியும் தேடி வந்தது. உறுப்பினர் பேராசிரியர் சிவபிரகாஷ் ஒட்டன்சத்திரத்துக்காரர். நம்மூர் சாமிகளைப்பற்றி வெளிநாடுகளில் போய்ப் பேசிவிட்டு வருகிறவர். செயலாளர் சூர்யகலா கோப்புகளைப் பார்த்துக்கொண்டார். கோப்புகளும் அவரைப் பார்த்துக்கொண்டிருந்தன.

முதல் கூட்டத்துக்கு இனிகோ நாலு கதைகளோடு போனான். ஊர் ஊராக அலைந்து, டீக்கடைகளில் உட்கார்ந்து, சர்ச் வாசலிலும் கோயில் வாசலிலும் நின்று சேர்த்தவை.

"முதல்ல செம்பட்டி ரோட்டுப் புளியமரத்து முனி கதை சார்," என்று தொடங்கினான்.

"அந்த மரத்த ரோடு போடுறதுக்கு வெட்டியாச்சே," என்றார் சூர்யகலா.

கண்ணுசாமி கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப முனி இப்ப எங்க குடியிருக்காரு?"

"தெரியலைங்க சார்."

"முகவரி இல்லாத ஒருத்தர நம்பி எப்படிப்பா புத்தகம் போடுறது? நாளைக்கு ஒருத்தன் வந்து, நான்தான் அந்த முனின்னு வாசல்ல நின்னா, இருப்பிடச் சான்று கேக்க முடியுமா? அடுத்தது."

அடுத்தது, பக்கத்துப் பக்கத்து ஊரில் இருக்கும் அந்தோணியாரும் மாரியம்மனும் உடன்பிறந்தவர்கள், திருவிழாவுக்குத் திருவிழா ஒருவருக்கொருவர் சீர் அனுப்பிக்கொள்வார்கள் என்ற கதை. இனிகோவுக்குச் சின்ன வயதிலிருந்தே பிடித்த கதை அது. பேராசிரியர் முகம் மலர்ந்துவிட்டது.

"ஏனுங்க, அருமைங்க. அவங்க அக்கா தம்பிங்களா, அண்ணன் தங்கச்சிங்களா?"

"கீழூர்ல அக்காங்கிறாங்க, மேலூர்ல தங்கச்சிங்கிறாங்க."

"உறவுமுறைச் சான்று வேணும்," என்றார் தலைவர்.

"யார்கிட்ட சார் வாங்குறது?"

"சம்பந்தப்பட்டவங்ககிட்டதான். ரெண்டு பேரும் சேர்ந்து ஒரே தாள்ல கையெழுத்துப் போட்டாப் போதும். அடுத்தது."

மூன்றாவது சின்னாளபட்டிக் கதை. ஒரு நெசவுக்காரப் பெண் வானத்து நட்சத்திரங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சுங்குடிச் சேலையில் முடிந்து வைத்தாளாம். முடிச்சை அவிழ்த்தபோது ஒவ்வொரு முடிச்சிலிருந்தும் ஒரு வெள்ளைப் புள்ளி கிடைத்ததாம். இதைச் சொல்லும்போது இனிகோவின் கை தானாகக் காற்றில் வரைந்தது. கண்ணுசாமி அந்தக் கையையே கவலையோடு பார்த்தார்.

"நட்சத்திரம் யாருது?"

"யாருதும் இல்லைங்க சார்."

"அப்ப பொதுச் சொத்து. பொதுச் சொத்தத் தனிநபர் ஒருத்தர் எடுத்துச் சேலையில முடிஞ்சு வெச்சிக்கிட்டா அதுக்குப் பேரு ஆக்கிரமிப்பு. பிள்ளைங்களுக்கு இதச் சொல்லிக்குடுக்கச் சொல்றியா?"

"இல்லைங்க சார்."

மிச்சம் இருந்தது மடைச் சடையன் கதை. இனிகோ வேண்டுமென்றே கடைசிக்கு வைத்திருந்தான். எரியோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய குளம், குளக்கரையில் அரிவாளோடு ஒரு சாமி. கல்லூரிக் காலத்தில் படம் வரையப் போய் மழையில் மாட்டி அந்தக் கோயில் கூரைக்குக் கீழே ஒதுங்கியபோதுதான் இந்தக் கதையைக் கேட்டான். கேட்ட அன்றிலிருந்து சடையனை வரைய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. அவனைப்போன்ற 'சரிங்க சார்' ஆட்களுக்கு அப்படி ஓர் ஆளைப் பார்த்தால் மனசு ஏங்கத்தானே செய்யும்.

"அந்தக் காலத்துல அரண்மனைக்காரங்க குளத்துக்கு மடைக்காவல் வேலை பார்த்தவர் சார் சடையன். ராப்பகலா குளத்தப் பார்த்துக்கிறது, உத்தரவு வந்தா மடையத் திறக்கிறது, உத்தரவு வந்தா மூடுறது..."

கண்ணுசாமி கையை உயர்த்தினார். அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"கடைநிலை ஊழியர்! உத்தரவு வந்தாத் திறக்கிறாரு, உத்தரவு வந்தா மூடுறாரு. இதுக்கு மேல என்னப்பா கதை வேணும்? நம்ம ஆளு. தேர்ந்தெடுத்தாச்சு."

"சார், கதை இன்னும் முடியல..."

"நல்ல கதைக்கு முடிவு எதுக்கு? எழுதுங்கம்மா, ஒருமனதாக."

வாரியத்தின் வரலாற்றிலேயே இதுதான் முதல் முடிவு. அதுவும் பாதிக் கதையைக் கேட்டு எடுத்த முடிவு.

மீதிப் பாதியை அடுத்த கூட்டத்தில், தேநீரும் வடையும் வந்த பிறகு, இனிகோ மெதுவாகச் சொன்னான். ஒரு ஐப்பசியில் மழை கொட்டுகிறது. குளம் தளும்புகிறது. கரை உடைந்தால் கீழே இருக்கும் ஊர்கள் மிஞ்சாது. மடையைத் திறந்தாலோ அரண்மனையின் நெல் வயல் மூழ்கிவிடும். சடையன் உத்தரவு கேட்டு ஆள் அனுப்புகிறார். அரண்மனையில் ராசா குளிக்கிறார் என்கிறார்கள். பிறகு சாப்பிடுகிறார் என்கிறார்கள். பிறகு உறங்குகிறார் என்கிறார்கள். சடையன் பார்த்தார், மடையைத் தானே திறந்துவிட்டார். ஊர்கள் பிழைத்தன. வயல் போயிற்று. உத்தரவில்லாமல் திறந்த குற்றத்துக்காக அரண்மனைக்காரர்கள் அவரைக் குளக்கரையிலேயே வெட்டிப் போட்டார்கள். ஊர்க்காரர்கள் அதே இடத்தில் கல் நட்டு அவரைச் சாமியாக்கிவிட்டார்கள்.

கண்ணுசாமி கையிலிருந்த வடை வாய்க்குப் போகாமல் பாதியில் நின்றது.

"அனுமதி இல்லாமலா திறந்தாரு?"

"ஆமாங்க சார்."

"வாய்மொழியாக்கூட வாங்கலையா?"

"இல்லைங்க சார்."

"என்னப்பா இப்படிக் கவுத்துட்ட!" என்று தலையில் கைவைத்தார். "நான் சர்வீஸ்ல இருந்தப்ப ஒரு தடவ ஆபீஸ் கூரை தீப்பிடிச்சிது. தீயணைப்புக்குச் சொல்ல மேலிடத்துக்கு எழுதிக் கேட்டேன். கூரை போச்சு. ஆனா என்மேல ஒரு விளக்கக் கடிதம் உண்டா? கிடையாது. அதுதான் நிர்வாகம். உன் சடையன் ஊரக் காப்பாத்தினாரு, சரி. விதியக் காப்பாத்தினாரா?"

கதையைத் தேர்ந்தெடுத்துவிட்டு வேண்டாம் என்று சொல்ல முடியாது. அதற்கு இன்னொரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். அதனால் கதையைத் திருத்துவது என்று ஆயிற்று. திருத்திய கதையில் சடையன் முறைப்படி மனு எழுதுகிறார். மனு உரிய வழியில் போகிறது. உரிய காலத்தில் அனுமதி வருகிறது. சடையன் மடையைத் திறக்கிறார்.

"சார், அனுமதி வந்துட்டா அவரக் கொல்ல மாட்டாங்களே," என்றான் இனிகோ.

"நல்லதுதானே?"

"கொல்லலேன்னா சாமியாக மாட்டாரே சார்."

"வேணாம். ஓய்வு பெறட்டும். ஓய்வூதியத்தோட."

"அப்புறம் அதுல கதைன்னு என்ன சார் இருக்கு?"

கண்ணுசாமி அவனை இரக்கத்தோடு பார்த்தார். "ஒரு ஊழியர் எந்தப் புகாருக்கும் ஆளாகாம ஓய்வு பெற்றார். இதவிட அதிசயமான கதை உலகத்துல எங்கயாவது இருக்காப்பா?"

"சரிங்க சார்," என்றான் இனிகோ.

வீட்டில் உட்கார்ந்து திருத்திய கதைக்குப் படம் போட்டான். மழையில் மனுவைக் குடைக்குள் பிடித்துக்கொண்டு அரண்மனை வாசலில் நிற்கும் சடையன். மீசையை எவ்வளவு முறுக்கி வரைந்தாலும் தொங்கிப்போயிற்று. ஷைனி எட்டிப் பார்த்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஏங்க, இது நீங்கதானே?"

இனிகோவுக்குச் சிரிப்பு வரவில்லை. மறுநாள் பள்ளிக்கூடத்தில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தனித் தாளில் பழைய சடையனை வரைய ஆரம்பித்தான். யாரும் கேட்கவில்லை, யாருக்கும் காட்டுவதற்கும் இல்லை. அந்த மீசை ஒரே இழுப்பில் வந்தது.

இதற்கிடையில் பேராசிரியர் சிவபிரகாஷ் வெளிநாட்டிலிருந்து ஒரு புதுச் சிக்கலோடு திரும்பியிருந்தார். "ஒரு கதைய மறுபடி சொல்லோணும்னா, அது யாரோட கதையோ அவங்க ஒப்புதல் வேணுங்க. உலகம் பூரா இப்ப அப்படித்தானுங்க."

யாருடைய கதை? சடையனுடைய கதை. உயர்திரு மடைச் சடையன் அவர்கள், குளக்கரை, எரியோடு வழி என்று விலாசமிட்டுப் பதிவுத் தபால் போயிற்று. ஒரு வாரத்தில் திரும்பி வந்தது. பெறுநர் கையெழுத்திடும் நிலையில் இல்லை என்று தபால்காரர் எழுதியிருந்தார்.

ஆகவே இனிகோவை நேரில் அனுப்பினார்கள். கோயில் பூசாரி கருப்பணன் விஷயத்தைப் பொறுமையாகக் கேட்டார்.

"சாமிகிட்ட ஒண்ணு கேக்கணும்னா கெடாகிட்டதான் கேக்கணும் அப்பு. மஞ்சத்தண்ணிய மேல ஊத்துவோம். தலையிலருந்து வாலு வரைக்கும் சிலுப்புச்சுன்னா சாமிக்குச் சம்மதம். சிலுப்பலேன்னா இல்ல. அம்புட்டுத்தேன்."

"சிலுப்புனதுக்கப்புறம்?"

"அப்புறமென்ன, வெட்டிச் சாமிக்குப் படைச்சிட்டு ஊரு கூடிச் சோறு திங்கிறதுதேன்."

இதைக் கேட்டதும் கண்ணுசாமிக்கு ஏக மகிழ்ச்சி. "அதாவது, கையெழுத்துப் போடும் அதிகாரம் கிடாவுக்குக் குடுத்திருக்காங்க. எவ்வளவு தெளிவான நடைமுறை பாருங்க!" உடனே கிடா கொள்முதல் துணைக்குழு ஒன்று அமைந்தது. அதில் இனிகோ ஒருவனே உறுப்பினர். வியாழக்கிழமை அய்யலூர்ச் சந்தைக்குப் போய் மூன்று வியாபாரிகளிடம் மூடி முத்திரையிட்ட விலைப்புள்ளி கேட்டான். முதல் வியாபாரி அவனை மேலும் கீழும் பார்த்தார். இரண்டாவது வியாபாரி, "தம்பி, நீங்க கெடா வாங்க வந்தீகளா, கெடாவுக்குப் பொண்ணு பார்க்க வந்தீகளா?" என்று கேட்டார். மூன்றாவது ஆள் கயிற்றை அவன் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார். கருப்பு நிறம், வெள்ளைக் காது, எதையும் அலட்சியமாகப் பார்க்கிற கண்.

குறித்த நாளில் வாரியம் முழுவதும் ஜீப்பில் குளக்கரைக்குப் போயிற்று. ஊரே திரண்டிருந்தது. கருப்பணனின் மனைவி காளியம்மாள் மசாலாவை அரைத்து உருட்டி வைத்துவிட்டு அடுப்பு மூட்டத் தயாராக இருந்தார். கண்ணுசாமி திருத்திய கதையைக் கிடாவுக்கு முன்னால் நின்று முழுவதும் வாசித்தார். மனு, உரிய வழி, அனுமதி, ஓய்வூதியம். கருப்பணன் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீரை ஊற்றினார்.

கிடா அசையவில்லை.

"முதல் நினைவூட்டல்," என்றார் கண்ணுசாமி. இன்னொரு செம்பு. கிடா ஒரு எருக்கஞ்செடியை முகர்ந்து பார்த்தது. "இரண்டாம் நினைவூட்டல்." மறுபடி ஒரு செம்பு. கிடா அசைபோட்டது.

"ஏனுங்க, குறிப்பிட்ட நேரத்துக்குள்ள ஆட்சேபணை வரலேன்னா சம்மதம்னு எடுத்துக்கலாமுங்க," என்றார் பேராசிரியர்.

கருப்பணனுக்குப் பொறுமை போய்விட்டது. "செத்த நிறுத்துங்கய்யா! எங்க சாமி என்னைக்கு மனுக் குடுத்துச்சு? குடுக்காததுனாலதான் சாமி." தானே ஒரு செம்பை எடுத்தார். "சாமி, உன் கதைய உள்ளது உள்ளபடியே பிள்ளைகளுக்குச் சொல்லச் சொல்றேன். சம்மதமா?"

தண்ணீர் முதுகில் விழுந்ததோ இல்லையோ, கிடா கொம்பிலிருந்து வால்வரை உதறிச் சிலுப்பியது. பக்கத்தில் நின்ற கண்ணுசாமியின் வெள்ளைச் சட்டை மஞ்சள் சட்டையாயிற்று. பெண்கள் குலவையிட்டார்கள். இனிகோவுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஞாயிறு தவறாமல் சர்ச் பூசைக்குப் போகிறவன்தான். ஆனாலும் அந்த நிமிஷத்தில் சடையன் அங்கேதான் எங்கேயோ நிற்கிறார் என்று நம்பினான்.

கண்ணுசாமி முகத்தைத் துடைத்துக்கொண்டார். "எழுதுங்கம்மா. கிடா சிலுப்பியது."

"எதுக்குச் சிலுப்புச்சுன்னு எழுத சார்?" என்று கேட்டார் சூர்யகலா.

"கூட்டப் பொருள் ஒண்ணுதானே? திருத்திய கதை. பூசாரி கேட்ட கேள்வி நிகழ்ச்சி நிரல்லயே கிடையாது. அது கிடாவுக்கும் அவருக்கும் உள்ள சொந்த விஷயம்."

இப்படியாக, திருத்திய கதைக்குச் சடையன் ஒப்புதல் கொடுத்துவிட்டதாகப் பதிவாயிற்று.

அடுத்த தகராறு கத்தியோடு வந்தது. சம்மதம் சொன்ன கிடாவை வெட்டாமல் விட்டால் சாமி குத்தம் என்றார் கருப்பணன். வாரியத்தின் கிடாவை வெட்டினால் தணிக்கைக் குத்தம் என்றார் கண்ணுசாமி. இருப்பில் உள்ள பொருளைக் கழிவு செய்ய மேலிடத்து ஆணை வேண்டும்; ஆணை வரும்வரை கிடா அரசுச் சொத்து. காளியம்மாள் மசாலா உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டே ஜீப்பின் பின்னால் கொஞ்ச தூரம் ஓடிவந்தார். இனிகோ வெட்கத்தால் தலையைக் குனிந்துகொண்டான். கிடா ஜன்னல் வழியாக அவரையே பார்த்துக்கொண்டு போயிற்று.

அப்படித்தான் கிடா வாரியத்துக்கு வந்து சேர்ந்தது. முதலில் கொல்லைப்புறத்தில் கட்டினார்கள். பிறகு ஒரு நாள் புத்தக அட்டை பச்சையா நீலமா என்று கேள்வி வந்தது. கண்ணுசாமி நெற்றியைத் தேய்த்தார். திடீரென்று அவர் முகத்தில் ஓர் ஒளி.

"கிடாவக் கூட்டிட்டு வாங்க."

மின்விசிறிக்கு நேர் கீழே நிறுத்தித் தண்ணீர் ஊற்றினால் எந்தக் கிடாதான் சிலுப்பாது? அட்டை பச்சையாயிற்று. அன்றிலிருந்து எழுத்தின் அளவு, தாளின் தடிமன், டீக்கடையை மாற்றலாமா கூடாதா, எல்லாமே கிடாவிடம் போயிற்று. வாரியத்தின் வேலை கிடுகிடுவென்று நடந்தது. மற்ற அலுவலகத்துக்காரர்கள்கூட வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். அவர்களுக்கு நடுவில் நின்று கண்ணுசாமி ஒரு சிற்றுரையே ஆற்றினார்.

"நிர்வாகத்துல இருக்கிற பெரிய கஷ்டம் என்னன்னா, முடிவு எடுத்தவன் யாருன்னு பின்னாடி கேட்பாங்க. இப்ப கேக்கட்டும். கிடாதான் எடுத்துச்சு. விளக்கம் கேட்டா அது என்ன சொல்லும்? ம்மே. அந்த விளக்கத்துல ஒரு பிழை கண்டுபிடிக்க முடியுமா? இம்புட்டு நாளா நானும் அதத்தான் சொல்லிட்டிருந்தேன், கொஞ்சம் நீளமா."

ஆனால் பழக்கம் பொல்லாதது. அலுவலகத்தில் ஒரு மாதம் இருந்ததில் கிடாவுக்கு அந்த இடத்தின் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. தண்ணீர் ஊற்றினால் கண்ணை மூடிக்கொண்டது. எதற்கும் சம்மதம் சொல்லாது, எதையும் மறுக்காது, வேளாவேளைக்குத் தீவனம் வந்தால் போதும். அதற்குப் பிறகு ஒரு விஷயத்துக்கும் அது சிலுப்பவில்லை. வாரியத்திலும் ஒரு வேலையும் நடக்கவில்லை. எல்லாம் பழைய ஒழுங்குக்குத் திரும்பிவிட்டது.

மார்ச் மாதக் கடைசி நாள் வந்தது. அன்று மாலைக்குள் புத்தகம் அச்சுக்கு ஏறாவிட்டால் ஒதுக்கிய தொகை திரும்பிப் போய்விடும். தொகை போனால் புத்தகமும் போச்சு. பேகம்பூரில் அப்துல் லத்தீப்பின் அச்சகத்தில் இனிகோ காலையிலிருந்து உட்கார்ந்திருந்தான். தாள் அடுக்கியாயிற்று. மை ஊற்றியாயிற்று. வாரியத்திலிருந்து ஒரு வார்த்தை வந்தால் மிஷின் ஓடும்.

மத்தியானம் போன் செய்தான். தலைவர் பழனியில் ஒரு கல்யாணத்தில் இருந்தார்.

"கிடா என்ன சொல்லுதுப்பா?"

"சிலுப்பலைங்க சார்."

"அப்ப பொறு."

மறுபடி போன் செய்தான். தலைவர் சாப்பிடுகிறார் என்றார்கள். மறுபடி செய்தான். தலைவர் சற்றுக் கண்ணசந்திருக்கிறார் என்றார்கள். இனிகோ போனைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்தான். இந்த பதில்களை எங்கே கேட்டோம் என்று யோசிக்கவே தேவையில்லாமல் இருந்தது.

கடைசியாகச் சூர்யகலாவை அழைத்தான். போனில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. "இப்பக்கூட ஊத்திட்டுத்தான் இருக்கேன் தம்பி. தூங்கிருச்சு," என்றார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "நான் ஓட்டுங்கன்னும் சொல்ல முடியாது, ஓட்டாதீங்கன்னும் சொல்ல முடியாது. ஆனா பேகம்பூர்ல ஒரு மிஷின் ஓடினா இங்க எனக்குக் கேக்காது. அம்புட்டுத்தான் என்னால முடியும்."

லத்தீப் பாய் கடிகாரத்தைப் பார்த்தார். "தம்பி, ஓட்டவா, மூடவா? எதையாச்சும் ஒண்ணச் சொல்லு. பசங்களுக்கு நோன்பு திறக்கப் போகணும்."

இனிகோவுக்கு ஜூன் மாதம் கண்முன் வந்தது. பரிந்துரைக் கடிதம் வந்தது. ஷைனியின் பீரோ கண்ணாடியோடு வந்தது. இதெல்லாம் வந்து நின்ற இடத்துக்குப் பின்னால் தளும்புகிற குளமும் இருந்தது.

"ஓட்டுங்க பாய்," என்றான்.

"வாரியத்துல குடுத்ததுதானே?"

இனிகோ பைக்குள் கைவிட்டான். மத்தியானச் சாப்பாட்டு நேரங்களில் வரைந்து, படத்துக்குக் கீழே பழைய கதையையும் எழுதிச் சேர்த்த தாள்கள். "இல்ல பாய். இது."

லத்தீப் பாய் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். சடையன் மடைப்பலகையைத் தூக்கும் படத்தில் கொஞ்ச நேரம் நின்றார். "மீசை பிரமாதம்," என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் புது அச்சுத் தகடுகள் ஏறின, மிஷின் சத்தம் வந்தது.

புத்தக வெளியீட்டு விழாவை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்தார்கள். பிள்ளைகள், ஆசிரியர்கள், மினி லாரி பிடித்து வந்த குளக்கரை ஊர்க்காரர்கள். புத்தகம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கிவிட்டது. அதைக் கண்ணுசாமி திறந்து பார்க்கவில்லை. தான் கையெழுத்துப் போடும் எதையும் அவர் படித்ததில்லை. சூர்யகலா படித்திருந்தார். படித்துவிட்டு இனிகோவை ஒரு பார்வை பார்த்தார், பிறகு தண்ணீர் பாட்டில்களை எண்ணப் போய்விட்டார். இனிகோ மேடை ஓரத்தில், தூக்குமேடைக்குக் கூட்டிவரப்பட்டவன்போல உட்கார்ந்திருந்தான்.

விழாவின் முதல் நிகழ்ச்சி தலைவர் கதை வாசிப்பது. கண்ணுசாமிக்கு நல்ல கணீர்க் குரல். மழை கொட்டுவதை வாசித்தார். பிள்ளைகள் வாயைப் பிளந்தார்கள். குளம் தளும்புவதை வாசித்தார், மண்டபம் அடங்கிப்போயிற்று. ராசா குளிக்கிறார், ராசா சாப்பிடுகிறார், ராசா உறங்குகிறார். பக்கத்தைத் திருப்பினார். அங்கே மனு இல்லை. ஒரு மனிதன் நெஞ்சளவு தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் மடைப்பலகையைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

கண்ணுசாமி நிறுத்திவிட்டார். இனிகோவைத் திரும்பிப் பார்த்தார். சூர்யகலாவைப் பார்த்தார். சூர்யகலா கூரையைப் பார்த்தார்.

"படிங்கய்யா!" என்று கூட்டத்திலிருந்து கருப்பணன் கத்தினார். "திறந்தாரா இல்லையா?"

"திறந்தாரா? திறந்தாரா?" என்று பிள்ளைகள் பெஞ்சைத் தட்ட ஆரம்பித்தார்கள். மைக் வேறு வாய்க்கு நேராக இருந்தது. கண்ணுசாமி கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார்.

"யாரையும் கேட்காமல்," என்று வாசித்தார். கனைத்துக்கொண்டு மறுபடி வாசித்தார். "யாரையும் கேட்காமல், சடையன் மடையைத் திறந்துவிட்டார்."

காளியம்மாள்தான் முதலில் குலவையிட்டார். பிறகு மண்டபமே இரைந்தது. பிள்ளைகள் பெஞ்சின்மேல் ஏறிக் குதித்தார்கள். கண்ணுசாமி மிச்சக் கதையை வாசித்து முடித்தபோது அந்தக் கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. அவருக்கு வாழ்க்கையில் யாரும் கை தட்டியதில்லை. யாரோ மாலை போட்டார்கள். யாரோ காலில் விழுந்தார்கள். வந்து நாற்காலியில் உட்கார்ந்தவர், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, இனிகோ பக்கம் மெல்லச் சாய்ந்தார்.

"அந்த ஆளு கடைசிவரைக்கும் அனுமதி வாங்கவே இல்லையாப்பா?"

"இல்லைங்க சார்."

"ஊரு பொழச்சிருச்சா?"

"பொழச்சிருச்சு சார்."

கண்ணுசாமி மாலையைத் தடவிக்கொண்டார். கூட்டம் இன்னும் தட்டிக்கொண்டிருந்தது.

"அப்ப ஒண்ணு பண்ணு. அடுத்த பதிப்புல அந்த அனுமதிய நான் குடுத்ததா எழுதிரு. ஒரே ஒரு வரி. உன் பரிந்துரைக் கடிதத்தயும் இப்பவே போட்டுத் தந்துர்றேன்."

இனிகோவின் வாய்க்குள் 'சரிங்க சார்' தயாராக வந்து நின்றது. வழக்கமாக வருகிறதுதான், வந்துவிட்டது. ஷைனி முன்வரிசையில் உட்கார்ந்து அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

"முடியாதுங்க சார்," என்றான். "மடையத் திறந்தது அவரு. நீங்க இல்ல."

சொன்ன பிறகு பயம்தான். பயத்தோடு பயமாக, சொல்ல முடியாத சந்தோஷமும் இருந்தது.

கண்ணுசாமிக்குக் கோபம் வரவில்லை. அவர் நிஜமாகவே திகைத்துப்போயிருந்தார்.

"முடியாதுன்னு சொல்றதுக்கு உனக்கு யாருப்பா அனுமதி குடுத்தது?"

"யாரும் குடுக்கலைங்க சார்," என்றான் இனிகோ.